படத்தில் வராத குதிப்பு

என்னோடு உட்கார்ந்து யாரும் படம் பார்ப்பதில்லை. என் கணவர் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவார். "நீ படம் பாக்கறியா, பரீட்சை பேப்பர் திருத்தறியா?" என்று கேட்டுவிட்டு பால்கனிக்குப் போய் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். எனக்கு சினிமாவைவிட ஆவணப்படங்களின் மேல்தான் கோபம் அதிகம். சினிமா, பொய் சொல்லப்போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறது. ஆவணப்படம் உண்மையைக் காட்டுகிறேன் என்று கையைப் பிடித்து அழைத்துப்போகிறது. பாதி வழியில் கையை விட்டுவிட்டு வயலினை எடுத்துக்கொள்கிறது.

போன மாதம் மேடவாக்கத்தில், எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தள ஹாலில் அப்படி ஒரு படம் போட்டார்கள். நம் பக்கத்து ஏரிகளைப் பற்றிய படம். தொடக்கமே டிரோன். மேலேயிருந்து ஓர் ஏரி, பிறகு இன்னோர் ஏரி. ஒரு பெரியவர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். அவர் யார், அந்த ஏரியோடு அவருக்கு என்ன தொடர்பு, ஒன்றும் சொல்லவில்லை. பின்னணிக் குரல் ஒவ்வொரு வாக்கியத்தையும் பெருமூச்சோடு முடித்தது. வெளியே தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கிற பீப் பீப் சத்தம் கேட்டது. அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு உண்மையாகப் பட்டது அதுதான்.

நடுவில் ஒரு பழைய கல்குவாரி வந்தது. செங்குத்தாக வெட்டிய பாறை, கீழே பச்சைத் தண்ணீர். பையன்கள் பாறையிலிருந்து குதித்தார்கள், மெதுவாக, பஞ்சு இறங்குவதுபோல. தண்ணீர் தெறித்ததும் கேமரா ஒரு கொக்கைப் பார்க்கப் போய்விட்டது. ஹாலில் கைதட்டினார்கள். நான் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்ததும் எழுந்து கேட்டேன். "அந்தப் பசங்க தண்ணிக்குள்ள போனாங்க. மேல வந்தத ஏன் காட்டல?"

படம் எடுத்த இளைஞர் சிரித்தார். "மேடம், அது ஒரு உருவகம். குழந்தைமை தொலையறதச் சொல்றோம்."

"வந்தாங்களா இல்லையான்னு கேட்டேன்."

நாலாம் மாடி சார் பின்னாலிருந்து, "மேடம், உங்களுக்கு எந்தப் படந்தான் புடிச்சிருக்கு, அதச் சொல்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன். அவர்களிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் வயதுக்காரர்கள். ஒரு தெருவுக்கு ஒரு டிவி இருந்த காலத்தைப் பார்த்தவர்கள்.

இந்த வியாதி எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. தாம்பரம் கிழக்கில் வாடகை வீடு எங்களுக்கு. அப்பாவுக்குக் கிண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க் வேலை. ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு நாலு பேரும் போவோம்: அப்பா, அம்மா, அண்ணன், நான். தியேட்டரை விட்டு வெளியே வந்து, வெயிலில் கண் கூசுவது நிற்பதற்குள் அப்பா ஆரம்பித்துவிடுவார். ரயில்வே கேட் மூடியிருந்தால் விமர்சனம் நீளும். கூட்ஸ் வண்டி வந்துவிட்டால் கதை, வசனம், சண்டை எல்லாம் கிழிந்துவிடும்.

"ஆத்துல விழுந்தானே ஹீரோ, கரை ஏறும்போது பாத்தியா?"

"தலை காஞ்சிருந்துச்சுப்பா!" என்று அண்ணன் கத்துவான்.

"சபாஷ். சட்டை?"

"சட்டை ஈரம். தலை மட்டும் காஞ்சிருந்துச்சு."

"அவ்வளவுதான். அந்த டைரக்டருக்குப் படம் எடுக்கத் தெரியல."

அம்மா பின்னால் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வருவாள். "நான் அழுதுட்டு உக்காந்திருக்கேன். அப்பனும் புள்ளையும் தலை ஈரமா இருக்கான்னு பாத்துட்டு இருக்கீங்க" என்பாள்.

அந்தக் கண் எனக்கு இல்லை. நான் கதையில் விழுந்துவிடுவேன். அண்ணன்தான் ஒவ்வொரு படத்திலும் ஒரு தப்பாவது பிடித்துவிடுவான். அப்பாவின் கை அவன் தோளில் இருக்கும். தோளில் அந்தக் கை இருக்க வேண்டும் என்பதற்காகவே அவன் படம் பார்த்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அவன் எட்டாவது படித்த வருடம், அரைப் பரீட்சை லீவில் எங்கள் பக்கம் படம் எடுக்க வந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தால் கல்குவாரி. ஒரு பக்கம் வேலை நடக்கும். மத்தியானம் வெடி வைத்தால் எங்கள் வீட்டு அலமாரியில் பாத்திரங்கள் லேசாகப் பேசிக்கொள்ளும். இன்னொரு பக்கம் வேலையை நிறுத்திவிட்டார்கள். அங்கே மழைத் தண்ணீர் நிறைந்து கிடந்தது. கல்லுக்குட்டை என்போம். அந்த மார்கழியில் அது தளும்பத் தளும்ப இருந்தது. தண்ணீருக்கு நாணயத்தை நாக்கில் வைத்த மாதிரி ஒரு ருசி. பையன்கள் கீழ்ப் பாறையிலிருந்து குதிப்பார்கள். அதற்கு மேலே ஒரு பாறை உண்டு. அங்கிருந்து பெரிய ஆட்கள் சிலர் மட்டும் ஓடிவந்து தூரமாகப் பாய்வார்கள்.

ஒரு வேன் வந்து நின்றது. கல்லுடைக்கிறவர்களைப் பற்றிய டாக்குமெண்டரி என்றார்கள். ஜிப்பா போட்ட டைரக்டர், குடையோடு ஒரு ஆள், மூன்று கால் ஸ்டாண்டில் கேமரா. கேமராவுக்கே தனியாக ஒரு குடை.

கல்லுடைக்கிற அக்கா ஒருத்தி சுத்தியலைக் கீழே வைக்காமல் கேட்டாள். "இன்னாத்துக்கு படம் புடிக்கிறானுங்கோ? எம் மூஞ்சியப் பாக்க எவன் வரப்போறான்? எம் புருசனே பாக்க மாட்டேங்கிறான்!" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். டைரக்டர் சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்கம்மா. சோகமா உடைங்க" என்றார். அவள், "இன்னா சார் பேஜாரா கீது, கல்லுல இன்னா சோகம்?" என்றாள்.

அவர்களுக்குப் பெரிய தொல்லை நாங்கள்தான். கேமரா எங்கே திரும்புகிறதோ அங்கே போய் நின்று பல்லைக் காட்டினோம். விரட்டினால் ஓடி, மறுபடி வந்தோம். கடைசியில் உதவியாளர் ஒருவர் கையைத் தட்டினார். "எல்லாரும் வரிசையா நில்லுங்க. ஆளுக்கு ஒரு ஷாட். குட்டையில குதிக்கிறத எடுக்கப்போறோம். அப்புறம் யாரும் இந்தப் பக்கம் வரக்கூடாது, சரியா?"

பையன்கள் கீழ்ப் பாறையில் வரிசை கட்டினார்கள். கேமரா ஓடியது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. தூரத்தில் யாரோ தையல் மிஷின் ஓட்டுவதுபோல. அண்ணன் நாலைந்து பேருக்குப் பிறகு குதித்தான். ஏறி வந்து பல் கிடுகிடுக்க நேராக டைரக்டரிடம் போனான்.

"சார், நான் வந்திருக்கேனா?"

"சூப்பரா வந்திருக்கேப்பா."

"இன்னொரு தடவ குதிக்கட்டா சார்?"

டைரக்டர் அவனை விரட்ட ஒரு சாக்குத் தேடினார் என்பது இப்போது புரிகிறது. "தலை ஈரமா இருக்கே. மேட்ச் ஆகாது. அடுத்த வாரம் திரும்ப வருவோம். அப்ப பாக்கலாம்."

அண்ணனின் முகம் பூரித்துவிட்டது. தலை ஈரம் என்ற பேச்சை அப்பாவைத் தவிர இன்னொருவர் வாயிலிருந்து அவன் கேட்பது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் அப்பா வந்து காபி டம்ளரைக் கையில் எடுப்பதற்குள் எல்லாம் சொல்லி முடித்துவிட்டான். அப்பா ஒரு டைரக்டர் மாதிரியே கேட்டார். "கேமரா எந்தப் பக்கம் வச்சிருந்தான்?"

அண்ணன் தரையில் உட்கார்ந்து காட்டினான். உப்பு ஜாடி கேமரா. கவிழ்த்த டம்ளர் கீழ்ப் பாறை. சொம்பு மேல் பாறை. அப்பா தரையில் ஒரு கன்னத்தை வைத்து உப்பு ஜாடியின் பக்கமிருந்து பார்த்தார்.

"தப்பு. அங்கேருந்து பாத்தா கீழ்ப் பாறையில நிக்கறவன் காக்கா மாதிரி தெரிவான். ஒரு பொட்டு. யார்னே தெரியாது. சொம்புலேருந்து குதிச்சாத்தான் ஷாட்."

"அங்கேருந்து பெரியவங்க ஓடிவந்து பாய்வாங்கப்பா."

"ஓடிவந்து பாஞ்சா மூஞ்சி தெரியாது. நிக்கணும். நிமிர்ந்து நின்னு, நேரா இறங்கணும். அப்பத்தான் முழுசா பிரேமுக்குள்ள வருவே."

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "அந்தக் குட்டைக்கே போகாதேங்கறேன். நீங்க எங்கேருந்து குதிக்கணும்னு பாடம் எடுக்கறீங்களா?"

"நீஞ்சத் தெரிஞ்ச பையன்டி. நான் ஷாட்டப் பத்திதான் பேசறேன்" என்றார் அப்பா.

அப்பா அந்தக் குட்டையை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. காலை மின்சார ரயிலுக்குப் போனால் இருட்டிய பிறகு வருகிறவர். அவர் பார்த்தது ஒரு சொம்பையும் ஒரு டம்ளரையும் உப்பு ஜாடியையும்தான். எத்தனையோ படங்களில் குற்றம் கண்டுபிடித்தவர், தான் எடுத்த ஒரே காட்சியில் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

அடுத்த வாரம் வேன் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. அண்ணன் தினமும் போனான். போகும்போது ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போவான். வெள்ளைத் துண்டு, பச்சைக் கரை. அம்மா கேட்டால், "திடீர்னு வந்துட்டாங்கன்னா? தலையத் துவட்டிக்கிட்டு ரெடியா இருக்கணும்ல" என்பான். என்னைக் கூட்டிப்போக மாட்டான். "நீ வந்தா பிரேம்ல நிப்ப" என்பான்.

பொங்கல் முடிந்தது. தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. குவாரியில் கல்லைப் படி படியாகத்தான் வெட்டி இறக்குவார்கள். வேலை நின்ற பிறகு அந்தப் படிகளின் மேல்தான் தண்ணீர் நிறைந்தது. மேல் பாறைக்கு நேர் கீழே அப்படி ஒரு படி, தண்ணீருக்குள் துருத்திக்கொண்டு இருந்தது. அதற்காகத்தான் பெரியவர்கள் ஓடிவந்து தூரமாகப் பாய்ந்தார்கள். அண்ணன் நின்று, நிமிர்ந்து, நேராக இறங்கினான்.

சுத்தியலைக் கீழே வைக்காத அந்த அக்கா வெறுங்கையோடு ஓடி வந்தாள். எங்கள் வாசலில் நின்று, "யக்கா, உம் புள்ள, யக்கா, உம் புள்ள" என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. மறுநாள் எல்லாம் முடிந்த பிறகு அவளே மறுபடி வந்து, பாறைமேல் கிடந்தது என்று துண்டை அம்மாவிடம் கொடுத்தாள். மடித்து வைத்த மடிப்புக்கூடக் கலையவில்லை. துண்டு காய்ந்தே இருந்தது.

அந்தத் துண்டு எங்கே போனது என்று தெரியவில்லை. வீடு மாறியதில் தொலைந்திருக்கும். அண்ணனின் படம் என்று எங்களிடம் இருந்தது பள்ளிக்கூடத்து குரூப் போட்டோ ஒன்றுதான். அதிலும் படம் பிடிக்கிற நேரத்தில் பக்கத்துப் பையனிடம் என்னவோ சொல்லத் திரும்பிவிட்டான். ஒரு காதும் கன்னமும்தான் தெளிவாகத் தெரியும்.

அதனால் அம்மா அந்த டாக்குமெண்டரிக்காகக் காத்திருந்தாள். அதில் அவன் உயிரோடு இருக்கிறான், பாறையில் நிற்கிறான், குதிக்கிறான். சூப்பரா வந்திருக்கே என்று டைரக்டரே சொல்லியிருக்கிறார். பால் வாங்கப் போனால், ரேஷன் கடைக்குப் போனால், "குவாரி படம் எப்போ போடுவாங்களாம்?" என்று கேட்பாள். கேட்டவர்கள் முதலில் பரிதாபப்பட்டார்கள், பிறகு பேச்சை மாற்றினார்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டு மாமி ஓடிவந்து கூப்பிட்டாள். அவர்கள் வீட்டில்தான் டிவி. நாங்கள் போவதற்குள் தெருவே வந்துவிட்டது. அம்மாவுக்கு முன்னால் இடம் விட்டார்கள். நான் அவள் மடியை ஒட்டி உட்கார்ந்தேன். அப்பா உள்ளே வரவில்லை, நிலைப்படியில் நின்றார்.

கறுப்பு வெள்ளையில் எங்கள் குவாரி. கட்டைக் குரல் ஒன்று, யாரும் பேசாத தமிழில், உழைப்பின் மேன்மை பற்றிப் பேசியது. அந்த அக்கா சோகமாகக் கல்லுடைத்தாள். அவள் குரலை எடுத்துவிட்டு வீணையைப் போட்டிருந்தார்கள். ஒரு தூக்குவாளியை வெகுநேரம் காட்டினார்கள். பிறகு கல்லுக்குட்டை வந்தது. அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

ஒரு பையன் கீழ்ப் பாறையிலிருந்து குதித்தான். அண்ணன் இல்லை. எங்கள் தெருப் பையனே இல்லை. யாரோ. அவனும் ஒரு காக்கா அளவுதான் இருந்தான். தண்ணீர் தெறித்தது. உடனே ஒரு கொக்கு. பிறகு ஜல்லி லாரி, சூரியன் மறைந்தது, நன்றி, வணக்கம்.

யாரும் எழுந்திருக்கவில்லை. அம்மா டிவியைப் பார்த்தபடியே கேட்டாள். "மறுபடியும் போடுவாங்களா? நான் கண்ணச் சிமிட்டிட்டேன் போல."

சும்மா இருக்க முடியாமல் மாமியின் கணவர், நிலைப்படியில் நின்ற அப்பாவைப் பார்த்து, "எப்படி சார் படம்?" என்றார். எப்போதும் அவர் அப்பாவிடம் கேட்கிற கேள்விதான். வாய் தவறி வந்துவிட்டது.

அப்பா சொன்னார். "நல்லா எடுத்திருக்காங்க."

அதற்குப் பிறகு அவர் எந்தப் படத்தையும் குறை சொல்லவில்லை. பார்த்த எல்லாப் படத்துக்கும் அதே இரண்டு வார்த்தைகள்தான், கடைசி வரைக்கும். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. அம்மா ஒருமுறைகூட அந்தச் சொம்பைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் டிவியில் அதைப் பார்த்த மறுநாள் முதல் அந்தச் சொம்பு அடுக்களையில் இல்லை.

போன மாத ஹாலுக்குத் திரும்புகிறேன். கூட்டம் முடியும் நேரத்தில் ஒரு வயதான ஒளிப்பதிவாளரைப் பேசச் சொன்னார்கள். பிலிம் காலத்தில் உதவியாளராக ஊர் ஊராகச் சுற்றியவராம். நன்றாகப் பேசினார். பழைய கதைகள் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

"அப்பல்லாம் பிலிம் தங்கம் மாதிரி. கிராமத்துல சின்னப் பசங்க கேமராவ மொய்ச்சுடுவாங்க. வெரட்டினா போக மாட்டாங்க. நாங்க என்ன பண்ணுவோம்? பிலிம் போடாம வெறும் கேமராவ ஓட்டுவோம். 'எல்லாரும் வரிசையா வாங்க, ஆளுக்கு ஒரு ஷாட்'னு சொல்லி எடுக்கற மாதிரி நடிப்போம். அவங்க ஆசை தீந்து போயிடுவாங்க. அப்புறம் நிம்மதியா வேலை பாப்போம்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. நாலாம் மாடி சார் தொடையில் தட்டிச் சிரித்தார்.

எங்கள் குவாரிக்கு வந்தவர் அவர் இல்லை. கூட்டம் கலைந்ததும் அவரிடம் போய் ஒன்றே ஒன்று கேட்டேன். பிலிம் இல்லாமல் ஓடினால் கேமராவின் சத்தம் வேறு மாதிரி இருக்குமா?

"நல்ல கேள்விம்மா" என்றார். "மாறும். தையல் மிஷின துணி வச்சு ஓட்டறதுக்கும் துணி இல்லாம ஓட்டறதுக்கும் உள்ள வித்தியாசம். கூடவே இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

அன்றிலிருந்து அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். குக்கர் வைக்கும்போது, துணி மடிக்கும்போது, டிராபிக்கில் நிற்கும்போது. துணி இருந்ததா, இல்லையா? எனக்கு அண்ணனின் கண்ணும் இல்லை, அந்த மனிதரின் காதும் இல்லை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். எங்கோ ஒரு டப்பாவில், வெட்டி எறிந்த பிலிம் துண்டில், தன் பிள்ளை குதித்துக்கொண்டே இருக்கிறான் என்று நம்பியே போனாள்.

அன்று மேலே வீட்டுக்கு வந்தபோது என் மகன் சோபாவில் படுத்திருந்தான். காலேஜ் முதல் வருடம். "மா, படம் எப்படி? கிழிச்சுட்டியா?" என்றான். என் முகத்தைப் பார்த்து, சமாதானப்படுத்துகிறவன்போலப் போனை நீட்டினான். "இதப் பாரு. நீதான் பெரிய கிரிட்டிக் ஆச்சே. இது எப்படின்னு சொல்லு."

வண்டலூரைத் தாண்டி எங்கோ ஒரு பழைய குவாரி. வேலியை வளைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். நல்ல வெளிச்சம். பாறையில் என் மகன் நிற்கிறான். முகம் தெளிவாகத் தெரிகிறது, மாமனின் அதே காது. கையை விரிக்கிறான். குதிக்கிறான். பாட்டு. தெறிக்கிற தண்ணீர் அந்தரத்தில் நின்று, மறுபடி முதலிலிருந்து.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவன் பயந்து எழுந்து உட்கார்ந்தான். அவன் அப்பா ஓடிவந்து பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். மாமாவின் கதை அவனுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே சொல்லியிருக்கிறேன். அவன் மெதுவாகத்தான் பேசினான். "தெரியும்மா. அது அந்தக் காலம். நாங்க ஆழம் பாத்துட்டுத்தான் குதிக்கிறோம். கூட நாலு பேர் இருக்காங்க. நீ சும்மா டென்ஷன் ஆகாத."

போன் என் கையிலேயே இருந்தது. கீழே கருத்துகள். நெருப்பு, இதயம், கைதட்டல். நடுவில் யாரோ, இவனுக்கு முன்பின் தெரியாத ஒருவன் எழுதியிருந்தான்: "ஆங்கிள் சரியில்ல மச்சான். இன்னும் மேலேருந்து போடு, செமயா இருக்கும்."

நான் என்ன விமர்சனம் சொல்வது? நன்றாக இருக்கிறது என்றால் இன்னொன்று எடுப்பான். நன்றாக இல்லை என்றால் அதையே திரும்ப எடுப்பான்.

பைக் சாவியைப் பிடுங்கியதில் ஒன்றும் ஆகவில்லை. நண்பர்களிடம் வண்டி இருக்கிறது. அவன் வெளியே கிளம்பியதும் நான் பாத்ரூமுக்குப் போய்க் கொடியைப் பார்க்கிறேன். துண்டு இருக்கிறதா என்று. இருந்தால் அன்றைக்குக் கொஞ்சம் சாப்பிடுவேன்.

நேற்று காலை துண்டு இல்லை. போன் செய்தேன். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தான்.

"ஜிம்முக்கு வந்தேன்மா. என்ன?"

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டியா?"

"வந்து சாப்பிடறேன், வைக்கட்டா?"

வைக்கும் முன் போனைக் காதோடு அழுத்திக் கேட்டேன். பின்னால் பையன்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜிம்மிலும் பையன்கள் சிரிப்பார்கள்.